கூரைக்கு எத்தனை ஓடு?

கூரை மாற்ற விலை கேட்டால் சிங்கப்பூரில் வீட்டுக்காரர் கைக்குப் பல நேரம் வந்து சேர்வது ஒற்றைத் தாள்தான். ‘பழைய ஓடுகளை அகற்றி, புதிய ஓடு வேய்ந்து, கழிவை அப்புறப்படுத்த’ என்று ஒரு வரி. அதற்கு நேரே ஒரு தொகை. கூரை எத்தனை சதுர மீட்டர், எத்தனை ஓடு பிடிக்கும், சுவரோரத் தகடு எவ்வளவு நீளம், பழைய ஓட்டில் எத்தனை தேறும் என்பதற்கெல்லாம் அந்தத் தாளில் விடை இருக்காது. மூன்று குத்தகையாளர்களிடம் கேட்டால் மூன்று தொகை வரும். மூன்றும் ஒரே வேலைக்கான விலைதானா என்று தெரிந்துகொள்ள வழி இருக்காது.

லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளில் இது பணத்தோடு மட்டும் நின்றுவிடும் விஷயமல்ல. நூறு ஆண்டு கண்ட ஒரு மண் ஓட்டுக் கூரை பிழைக்குமா, குப்பை லாரியில் ஏறுமா என்பது பெரும்பாலும் அந்த மதிப்பீட்டுத் தாளில்தான் முடிவாகிறது. எண்ணிப் பார்க்காதவருக்கு எல்லா ஓடும் பழைய ஓடுதான். எடுத்து எறிவதுதான் அவருக்குச் சுலபம். எண்ணிப் பார்ப்பவருக்கோ எது உடைந்தது, எது இன்னும் தாங்கும் என்று தெரியும். ஆகவே கூரைக் கணக்கைக் குத்தகையாளரின் உள்வேலை என்று விட்டுவிடக் கூடாது. வீட்டுக்காரரும் கூட உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு அது.

சிங்கப்பூரில் ‘என் வீட்டுக் கூரை’ என்று சொல்லக் கூடியவர்கள் மிகச் சிலர். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 78.7 விழுக்காட்டுக் குடும்பங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் வசித்தன; தரைவீடுகளில் இருந்தவை 5 விழுக்காடு. அடுக்குமாடியில் குடியிருப்பவருக்குத் தலைக்கு மேல் இருப்பது அடுத்த வீட்டின் தரை. உச்சிமாடிக் கூரையை நகர மன்றம் பார்த்துக்கொள்ளும். அதனால் ஓடு, கைமரம், ரீப்பர் என்ற சொற்களே இங்குள்ள இளைய தலைமுறைக்கு அந்நியமாகிவிட்டன. ஊரில் தாத்தா வீட்டில் மழைக்கு முன் ஓடு மாற்றியதைப் பார்த்தவர்கள்கூட, சிங்கப்பூரில் அதே வேலையை யாரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

கடைவீடுகள் இதற்கு விலக்கு. நாடு முழுவதும் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் 7,200க்கு மேல். அவற்றில் பெரும்பான்மை கடைவீடுகள். லிட்டில் இந்தியா 1989 ஜூலை 7 அன்று பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. சைனாடவுன், கம்போங் கிளாம் போன்றவையும் அதே நாளில் அந்தப் பட்டியலில் ஏறின. தேக்கா சந்தையை ஒட்டி எழும் வீவக அடுக்குமாடியின் மேல்தளத் தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு பக்கத்துக் கூரைகள் தெரியும். முன்னும் பின்னுமாகச் சரியும் செம்மண் நிற ஓடுகள், வீட்டுக்கு வீடு நடுவே தலை நீட்டும் பொதுச்சுவர்கள், வெளிச்சத்துக்காகத் திறந்துவிட்ட முற்றங்கள், சில வீடுகளில் முகட்டுக்கு அருகே தூக்கிக் கட்டிய சிறு கூரைகள். கீழே பூமாலைக் கடை, நகைக்கடை என்று முகப்புக்கு முகப்பு வண்ணம் மாறினாலும், மேலே ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் ஒரே நிறம்.

அந்த ஒற்றுமை தற்செயலாக வந்ததல்ல. 1822 நவம்பரில், நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் நகரக் குழுவுக்குக் கொடுத்த அறிவுறுத்தல்களில், செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்படும் வீடுகளுக்கு ஒரே சீரான முகப்பும் திறந்த நடைதாழ்வாரமும் இருக்க வேண்டும் என்று வகுத்தார். ஐந்தடி நடைபாதை பிறந்தது அதிலிருந்துதான். அத்தாப்பு ஓலைக் கூரை நெருக்கமான ஊரில் தீக்கு விருந்து என்பது அன்றே தெரிந்திருந்தது. பினாங்கிலிருந்து 1819இல் ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளை தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டுக் கட்டுமானத் தொழிலில் இறங்கினார். அவர் முன்னின்று 1827இல் எழுப்பிய மாரியம்மன் கோயிலே முதலில் மரமும் அத்தாப்புமாகத்தான் இருந்தது. 1843இல்தான் அது செங்கல் கட்டடமானது. லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் ரோட்டுக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளைக் கொண்டு காலனி அரசு நடத்திய செங்கல் சூளைகள் 1858 முதல் அந்தச் சாலையில்தான் எரிந்தன. நகரத்தின் சுவர்கள் எழுந்தது அவர்களுடைய உழைப்பில். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

நகரின் நடுவில் ஓடு வந்த பிறகும் விளிம்புகளில் அத்தாப்பும் துத்தநாகத் தகரமும் இருபதாம் நூற்றாண்டின் பின்பாதி வரை நீடித்தன. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீயில் பிடித்த தீ சுமார் 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது, நால்வர் உயிரிழந்தனர். அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கப்பட்டிருந்த வீவக, வேகவேகமாக அடுக்குமாடிகள் எழுப்ப அந்தத் தீயே பெரிய தூண்டுகோலானது. தட்டையான கான்கிரீட் தளம் நாட்டின் பொதுக் கூரையானது இப்படித்தான்.

இனிக் கணக்குக்கு வருவோம்.

கூரைக் கணக்கின் முதல் படி பரப்பு. பெரும்பாலான தவறும் இங்கேயே தொடங்குகிறது. வீட்டின் நீள அகலத்தைப் பெருக்கினால் கிடைப்பது தரையின் பரப்பு. கூரையோ சரிந்திருக்கிறது, சரிவின் அளவுக்கு அதன் பரப்பு கூடும். வான்படத்திலும் வரைபடத்திலும் அளக்கிறவர்கள் மறப்பது இதைத்தான். மேலிருந்து எடுத்த படத்தில் அகலமும் ஆழமும் தெரியும், சாய்வு தெரியாது.

5 மீட்டர் அகலமும் 12 மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு கடைவீட்டின் முன்கட்டை எடுத்துக்கொள்வோம். முகடு சரியாக நடுவில். இறவாரம் தெருப் பக்கம் 60 சென்டிமீட்டரும் பின்பக்கம் 30 சென்டிமீட்டரும் நீள்கிறது. படுக்கைவாட்டில் முன்சரிவு 6.6 மீட்டர், பின்சரிவு 6.3 மீட்டர். தரைக் கணக்கில் பரப்பு 64.5 சதுர மீட்டர். கூரை 30 பாகை சாய்ந்திருந்தால் இதை 1.155ஆல் பெருக்க வேண்டும்: 74.5 சதுர மீட்டர். சாய்வை மறந்தவர் 10 சதுர மீட்டருக்கு ஓடு இல்லாமல் நிற்பார். சாய்வு 25 பாகைதான் என்றால் பரப்பு 71 ஆகக் குறையும். 35 பாகை என்றால் 79ஐத் தொடும்.

சாய்வை அறியப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பரணில் ஏறி, ஒரு மீட்டர் நீளச் சட்டத்தை ரசமட்டம் வைத்துப் படுக்கைவாட்டில் பிடித்து, ஒரு முனை கைமரத்தைத் தொட, மறுமுனையிலிருந்து கைமரம் வரை செங்குத்தாக அளந்தால் போதும். 58 சென்டிமீட்டர் வந்தால் 30 பாகை. 70 வந்தால் 35. இரண்டு சரிவையும் தனித்தனியாக அளக்க வேண்டும். பழைய கடைவீடுகளில் முகடு நடுவில் இல்லாமல் தள்ளியிருப்பதும், மரம் தொய்ந்து சாய்வு மாறியிருப்பதும் சாதாரணம்.

பரப்பு கிடைத்தபின் அலகு. சிங்கப்பூரில் சதுர மீட்டர், தமிழ்நாட்டில் இன்னும் சதுர அடி. ‘எத்தனை சதுரம்?’ என்று மேஸ்திரி கேட்டால் அவர் சொல்வது நூறு சதுர அடி. அமெரிக்கக் கூரைக்காரர்களும் இதே நூறு சதுர அடியைத்தான் அலகாக வைத்திருக்கிறார்கள். அங்கே வழக்கமான தார்ப்பட்டைகள் ஒரு சதுரத்துக்கு மூன்று கட்டு என்று கணக்கு. நம் 74.5 சதுர மீட்டர் என்பது எட்டுச் சதுரம். சிராங்கூன் ரோட்டு வேலைகளில் அளவெடுப்பவர் மீட்டரிலும் ஓடு வேய்கிற தமிழ்நாட்டுத் தொழிலாளி அடியிலும் பேசிக்கொள்வது நடப்பதுதான். தாளில் எந்த அலகு என்பதை எழுத்தில் உறுதி செய்துகொள்வது நல்லது.

அடுத்தது ஓடு. பாதுகாக்கப்பட்ட கடைவீடுகளுக்கு நகர மறுசீரமைப்பு ஆணையம் வகுத்திருக்கும் பொருள், மெருகு பூசாத, இயற்கை நிறத்து ‘வி’ வடிவச் சுட்ட மண் ஓடு. வேறு வகை ஓட்டுடன் கட்டப்பட்ட வீடுகளும் உண்டு. அவற்றில் முக்கியமானது மார்சேய் ஓடு. ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் இந்த ஓட்டை 1841இல் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த கிலார்தோனி சகோதரர்கள் உருவாக்கினார்கள். தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமான மங்களூர் ஓடு இதன் நெருங்கிய உறவு. பாசல் மிஷன் மங்களூரில் 1865இல் தொடங்கிய ஆலையிலிருந்துதான் அது தென்னிந்தியா முழுவதும் பரவியது.

பூட்டும் ஓட்டுக்குக் கணக்கு எளிது. சதுர மீட்டருக்குச் சுமார் 15 பிடிக்கும். 74.5 சதுர மீட்டருக்கு 1,118. உடைவதற்கும் வெட்டுவதற்கும் பத்து விழுக்காடு சேர்த்தால் 1,230. ‘வி’ ஓடு அப்படியல்ல. அது சிறியது, ஒன்றின் மேல் ஒன்று நெருக்கமாக ஏறிப் படுத்திருக்கும். கையில் எடுத்துப் பார்க்கும்போது தெரியும் நீளத்தில் பெரும்பகுதி கூரையில் மறைந்துவிடும். அதனால் ஓட்டின் அளவை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. கூரையில் வெளியே தெரியும் அளவைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. வெளியே தெரியும் பகுதி 15 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். நம் கூரைக்கு வேண்டியவை 4,139 ஓடுகள். அளந்தவர் கை தவறி 12ஐ 13 என்று எழுதிவிட்டால் தாளில் வருவது 3,821தான். ஒரே ஒரு சென்டிமீட்டர் பிசகில் 318 ஓடு குறைவு. குறையை நிரப்ப இரண்டு வழி உண்டு. ஒன்று, மறுபடி வாங்குவது. சிங்கப்பூருக்கு ஓடு இன்று பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. காத்திருக்க வேண்டும், அடுத்த சூளையில் வெந்தது அதே நிறத்தில் வரும் என்ற உறுதியும் கிடையாது. மற்றொன்று, யாரும் வெளியே சொல்லாத வழி: ஓடுகளை இழுத்துப் போட்டு வேய்வது. ஒவ்வொரு வரிசையிலும் மேல்படிவு ஒரு சென்டிமீட்டர் குறையும். கீழே நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. காற்றோடு சாய்ந்தடிக்கும் முதல் மழையில் தெரியும்.

அளவை ஒரே இடத்தில் எடுப்பதும் ஆபத்து. பத்து வரிசையைச் சேர்த்து அளந்து பத்தால் வகுப்பதே சரி. மேலே, நடுவே, இறவாரத்துக்கு அருகே என்று மூன்று இடத்தில் அளந்தால் இன்னும் நல்லது. கையால் வேய்ந்த பழைய கூரையில் வரிசைகள் ஒரே சீராக இருக்காது.

சிங்கப்பூரின் மழையை நினைத்தால் இந்த நுணுக்கம் ஏன் என்று புரியும். ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல். ஆண்டில் சுமார் 170 நாள் மழை. வடகிழக்குப் பருவமழையில் மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டினால் நம் எடுத்துக்காட்டு வீட்டின் கூரையில் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுகிறது. அத்தனையும் ஓட்டின் மேல் வழிந்து பீலியில் இறங்க வேண்டும். மண் ஓடு தனியாகவே இதைத் தாங்கிவிடும் என்று இன்றைய குத்தகையாளர்கள் நம்புவதில்லை. சீரமைக்கும் கூரைகளில் ஓட்டுக்கு அடியில் நெளிவுத் தகடோ நீர்த்தடுப்பு விரிப்போ போடுவது வழக்கமாகிவிட்டது. இதுவும் கணக்கில் வர வேண்டும். 762 மில்லிமீட்டர் நிகர அகலமுள்ள தகடு என்றால் 5 மீட்டர் அகலத்துக்கு ஏழு. இரண்டு சரிவுக்குமாகப் பதினான்கு. தகட்டைச் சரிவின் நீளத்துக்கே வெட்டிக் கொண்டுவரலாம், இடையில் ஒட்டு இருக்காது. ஆனால் ஏழரை மீட்டர் தகட்டைக் குறுகிய பின்சந்துக்குள் எப்படி ஏற்றுவது என்பதற்கும் தாளில் விடை வேண்டும்.

இதுவரை சொன்னது கூரையின் நடுப்பகுதி. பணமும் கசிவும் ஒளிந்திருப்பது ஓரங்களில்.

தனிவீட்டுக்கு நான்கு பக்கமும் இறவாரம். கடைவீட்டுக்கு இரண்டு பக்கம் பொதுச்சுவர். கூரை சுவரில் முட்டும் இடமெல்லாம் தண்ணீர் உள்ளே போகப் பார்க்கும் இடம். நம் எடுத்துக்காட்டில் இரண்டு சரிவின் நீளமும் சேர்ந்து 14.9 மீட்டர், இருபக்கச் சுவருக்குமாக ஏறக்குறைய 30 மீட்டர். அத்தனை நீளத்துக்கும் சுவருக்குள் செருகி ஓட்டின் மேல் மடித்துவிடும் உலோகத் தகடு வேண்டும், ஒட்டுக்கு ஒட்டு மேல்படிவும் வேண்டும். தூக்கிக் கட்டிய சிறு கூரை இருந்தால் அதன் நான்கு பக்கமும் சேரும். முற்றம் இருந்தால் அதன் விளிம்பும் பீலியும் சேரும். மலிவான மதிப்பீட்டுத் தாள்களில் முதலில் காணாமல் போவது இந்த 30 மீட்டர்தான். தகடு போட வேண்டிய இடத்தில் சிமெண்ட் கலவையைப் பூசி மூடுவார்கள். வெயிலில் விரிந்து மழையில் சுருங்கி அந்தக் கலவை கொஞ்ச காலத்தில் வாய் பிளக்கும். ஓடு முழுக்கப் புதிதாக இருந்தும் சுவர் ஊறும்.

ஊறிய சுவர் மரத்தையும் விடாது. கடைவீடுகளின் நெடுக்குச் சட்டங்கள் ஒரு பொதுச்சுவரிலிருந்து மறு சுவருக்குப் பாய்ந்து, முனைகள் சுவருக்குள் புதைந்திருக்கும். வீடுகள் குறுகலாக இருப்பதற்கு இந்த மரங்களின் நீளமும் ஒரு காரணம். நடுவில் மரம் இரும்பு போலிருக்கும். சுவருக்குள் போன ஒரு சாண் மட்டும் உளுத்திருக்கும். கீழிருந்து பார்த்து ‘மரம் நல்லா இருக்கு’ என்று எழுதித் தருகிறவர் அந்த ஒரு சாணைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முனையையும் கூர்மையான திருப்புளியால் குத்திப் பார்த்து, எத்தனை முனை போயிருக்கிறது என்று எண்ணி எழுதினால்தான் அது மதிப்பீடு. அந்தக் காலத்துச் செங்கால் மரத்துக்கு ஈடான பலகை இன்று எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும். முனையை மட்டும் வெட்டி ஒட்டுப் போடுவதா, முழு மரத்தையும் மாற்றுவதா என்ற முடிவில் தொகை பெரிதும் ஏறி இறங்கும்.

ஓடு உட்காரும் குறுக்குச் சட்டமான ரீப்பரின் கணக்கு இதைவிட எளிது. சரிவின் நீளத்தை வரிசை இடைவெளியால் வகுத்து ஒன்று கூட்ட வேண்டும். 32 சென்டிமீட்டர் இடைவெளி கேட்கும் பூட்டு ஓட்டுக்கு முன்சரிவில் 25, பின்சரிவில் 24. ஆக மொத்தம் 49 ரீப்பர், 245 மீட்டர். ‘வி’ ஓட்டுக்கு இடைவெளி குறுகும்போது இந்த நீளம் இரு மடங்குக்கு மேல் போகும். ஓட்டு வகையை மாற்றினால் மரச் செலவும் மாறும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. எடையும் அப்படித்தான். பூட்டும் மண் ஓடு சதுர மீட்டருக்குச் சுமார் 35 கிலோ. நம் கூரைக்கு 2,600 கிலோ. உலோகத் தகடு மட்டுமென்றால் ஏறக்குறைய 370 கிலோ. தகரக் கூரை போட்டிருந்த பின்கட்டுக்கு அழகு கருதி ஓடு போட நினைப்பவர்கள் பொறியாளரைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

பின்கட்டு என்றதும் இன்னொரு செய்தி. சமையலறை, குளியலறைப் பக்கங்களில் பழைய காலத்து சாம்பல் நிற நெளிவு சிமெண்ட் ஷீட்டுகள் இன்னும் இருக்கக்கூடும். சிங்கப்பூர்க் கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் 1980களின் இறுதியிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்கு முன் போட்டவை தானாகப் போய்விடவில்லை. 1991க்கு முந்தைய கட்டடங்களில் இடிப்பு, புதுப்பிப்பு வேலை தொடங்குமுன் தகுதி பெற்றவரைக் கொண்டு ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வு செய்ய வேண்டும் என்று 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. இருப்பது உறுதியானால் அதை அகற்ற அங்கீகாரம் பெற்ற நிறுவனம்தான் வர வேண்டும், மனிதவள அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். இதைத் தனி வரியாகக் காட்டாத மதிப்பீடு, அந்த ஷீட்டைச் சுத்தியலால் உடைத்துச் சாக்கில் கட்டப்போகிற மதிப்பீடாக இருக்கலாம். அந்தத் தூசு போய்ச் சேர்வது உடைக்கிற தொழிலாளியின் நுரையீரலிலும் அடுத்த வீட்டுக் குழந்தையின் நுரையீரலிலும்தான்.

இவ்வளவையும் எழுதிய பிறகும் ஒரு கேள்வி மிச்சம்: பழைய ஓட்டில் எவ்வளவு தேறும்? இதற்குப் பொதுவான விழுக்காடு கிடையாது. கூரைக்குக் கூரை மாறும். நம்பத்தக்க ஒரே வழி, வெயில் அதிகம் படும் பக்கத்தில் ஒரு சதுர மீட்டரும் நிழலில் பாசி பிடித்த பக்கத்தில் ஒரு சதுர மீட்டரும் கழற்றிப் பார்ப்பதுதான். ஒவ்வோர் ஓட்டையும் விரல் நுனியில் தொங்கவிட்டு முட்டியால் தட்டினால் நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும். உள்ளே கீறல் விட்டது சத்தில்லாமல் தட்டும். விளிம்பு உதிர்வது, பொடியாகத் தேய்வது, காது உடைந்தது ஆகியவற்றைத் தனியே ஒதுக்கி, மிஞ்சியதை எண்ண வேண்டும். பாசியும் கரியும் குறையல்ல. தூரிகையால் தேய்த்தால் போய்விடும். தேறிய ஓட்டை எல்லாம் தெருப்பக்கச் சரிவுக்கு வைத்து, பின்சரிவுக்குப் புதியது போடுவது அனுபவமுள்ளவர்கள் செய்யும் ஏற்பாடு. முகப்பின் பழமையும் நிற்கும், பழையதும் புதியதும் கலந்து திட்டுத் திட்டாகத் தெரிவதும் இருக்காது.

செட்டிநாட்டில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். நாட்டு ஓட்டை அடுக்கடுக்காக வேய்ந்த அந்த வீடுகளில் பல, கூரை பார்க்க ஆளில்லாமல் ஒழுகி, பிறகு பிரிக்கப்பட்டு, தூணும் கதவும் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் விற்பனைக்கு நிற்கின்றன. செட்டியார்கள் சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி (வட்டிக்கடை) வைத்து ஈட்டிய பணமும் அந்த வீடுகளில் உண்டு. கூரை ஒழுகத் தொடங்கிய பிறகு வீடு நெடுநாள் நிற்பதில்லை. சட்டப் பாதுகாப்பு இருப்பதால் லிட்டில் இந்தியாவில் வீட்டை அப்படிப் பிரித்து விற்க முடியாது. ஆனால் முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு மேலே இருப்பதை எல்லாம் புதிதாக்குவதும் ஒருவகை இழப்புதான். நகர மறுசீரமைப்பு ஆணையமும், பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு அமைப்பான இக்கோமோஸ் சிங்கப்பூரும் சேர்ந்து வெளியிட்ட பாதுகாப்புத் தொழில்நுட்பக் கையேடுகள் இருக்கின்றன. கூரையில் கை வைக்குமுன் உரிமையாளர்கள் அவற்றைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

கோயில்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு. அதற்குமுன் விமானம், கோபுரம், மேல்தளம் என்று எல்லாவற்றையும் பார்த்துப் பழுது நீக்கிவிடுவார்கள். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் 2023 பிப்ரவரி 12 அன்று நடந்த குடமுழுக்குக்கும் முன்னால் அப்படித்தான் திருப்பணி நடந்தது. கடைவீடுகளுக்கு அப்படி ஒரு நாள் குறித்து வைப்பவர் அரிது. ஒழுகிய பிறகே ஏணி தேடுகிறார்கள். ஒழுகிய பிறகு போடும் கணக்கு அவசரக் கணக்கு. அதில் எண்ணுவதற்குப் பொறுமை இருக்காது.

இன்னொரு செலவையும் குறைக்கக் கூடாது. கூரையில் ஏறுகிறவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் ரோட்டில் காய்கறி வாங்கி, ஊருக்குப் பணம் அனுப்பி, நண்பர்களோடு நிற்கிறவர்கள். நூறாண்டுப் பழைய ரீப்பர் எப்போது காலடியில் முறியும் என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மூன்று மீட்டருக்கு மேல் விழும் ஆபத்துள்ள வேலைக்கு வேலை அனுமதிமுறை கட்டாயம் என்று சிங்கப்பூர் விதி சொல்கிறது. சாரம், ஓரத் தடுப்பு, நங்கூரக் கயிறு, ஐந்தடி நடைபாதையில் போகிறவர் தலையில் ஓடு விழாமல் இருக்க மறைப்பு ஆகிய அனைத்துக்கும் மதிப்பீட்டில் தனித் தொகை இருக்க வேண்டும். மற்றவர்களைவிட ஒரு தாள் மிகவும் மலிவாக இருந்தால், முதலில் இந்த வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மனிதர் விழாமல் இருப்பதற்கான செலவை வெட்டித்தான் பல நேரம் அந்த மலிவு வருகிறது.

வீட்டுக்காரர்கள் குத்தகையாளரிடம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அளவு குறித்த கூரை வரைபடம், சரிவுக்குச் சரிவு பரப்பு, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை ஓடு என்ற எண், பழையதில் தேறியது எத்தனை, சுவரோரத் தகட்டின் நீளம், உளுத்த மர முனைகளின் எண்ணிக்கை, சாரத்தின் செலவு. இவை இரண்டு பக்கத்தில் அடங்கும். வேலை முடிந்ததும் மிஞ்சிய ஓட்டை லாரியில் ஏற்ற விடாதீர்கள். அதே சூளையில் வெந்த ஓட்டில் ஐம்பதையாவது பரணில் அடுக்கி வையுங்கள், அடுத்த உடைப்புக்கு உதவும். அளவுக் கணக்கைக் கேட்டும் தராத குத்தகையாளரிடம், தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், கையெழுத்திடாதீர்கள்.